பூட்டிப் போன அளவுகள்

மதிப்பிற்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமனார் எழுதிக்கொள்வது. இவ்விடம் நானும் உங்கள் அத்தையும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம். அங்கே நீங்களும் மகளும் மனசுக்கும் ஒன்றுமில்லாமல் இருக்க வேண்டும் என்பதே எங்கள் பிரார்த்தனை. கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் மாப்பிள்ளைக்குப் பேனா பிடித்து எழுதுகிறாரே மாமனார் என்று நினைப்பீர்கள். கம்ப்யூட்டர் கிடையில் கிடக்கிறது. நீங்கள் போனை எடுப்பதில்லை. மகளிடம் கேட்டால் "அவர் கொஞ்சம் வேலையா இருக்கார்ப்பா" என்கிறாள். ஆகையால் தபால். இதில் எந்தத் தொற்றும் வராது என்று கம்ப்யூட்டர் ரிப்பேர் கடைக்காரர் உறுதி சொல்லியிருக்கிறார்.

உங்கள் அத்தை பெரிய ஆஸ்பத்திரி நர்சுகளுக்குச் சீருடை தைப்பது உங்களுக்குத் தெரியும். ஒவ்வொரு நர்சின் தோளும் மார்பும் இடுப்பும் கைநீளமும் கம்ப்யூட்டரில்தான் இருந்தன. போன தடவை வந்திருந்தபோது நீங்களே பொறுமையாக உட்கார்ந்து எல்லாவற்றையும் ஏற்றிக் கொடுத்து, எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு நகலை உங்கள் வீட்டுக்கும் எடுத்துப் போனீர்கள். அதை இந்த வீட்டில் யாரும் மறக்கவில்லை. இப்போது ஆஸ்பத்திரியில் சீருடையின் நிறத்தை மாற்றுகிறார்கள். அடுத்த மாதம் முதல் தேதிக்கு எல்லாரும் புதுத் துணியில் நிற்க வேண்டும். துணிக்கட்டு வந்து கூடத்தை அடைத்துக்கொண்டு கிடக்கிறது; நான் அதன்மேல் ஏறித்தான் ஜன்னலைத் திறக்கிறேன். தேதி தவறினால் வேலை எதிர்ச்சாரியில் இருக்கும் பெரிய தையல் கடைக்குப் போய்விடும். இத்தனை வருஷம் அந்த ஆஸ்பத்திரியை நம்பித்தான் உங்கள் அத்தையின் மிஷின் ஓடுகிறது.

நடந்ததைச் சொல்கிறேன். பித்தான் பார்சல் வர வேண்டியிருந்தது. நான் வழிமேல் விழி வைத்துக் காத்திருந்த நேரத்தில் ஒரு மெயில் வந்தது. தங்கள் பார்சலைக் கொடுக்க முடியவில்லை, இணைப்பில் உள்ள ரசீதைப் பார்க்கவும் என்றிருந்தது. பார்த்தேன். மேலே மஞ்சள் பட்டையில் ஒரு பொத்தான், அதை அழுத்தினால்தான் ரசீது தெரியுமாம். அழுத்தினேன். குடிநீர் அலுவலகத்தில் குப்பை கொட்டிய காலமெல்லாம் மேசைக்கு வந்த காகிதத்தைப் பார்க்காமல் தள்ளியவன் இல்லை நான். ஒன்றும் தெரியவில்லை. சரியாக அழுத்தவில்லை போலிருக்கிறது என்று இன்னொரு தரம் நன்றாக அழுத்தினேன். அப்புறமும் ரசீதைக் காணோம் என்பதால், உங்களுக்காவது தெரிகிறதா பார்த்துச் சொல்லவும் என்று எழுதி உங்களுக்கும் அதை அனுப்பி வைத்தேன். அதற்கும் பதில் இல்லை. நான் அனுப்புவது எதையும் மாப்பிள்ளை திறந்துகூடப் பார்ப்பதில்லை, நம்ம மேல் மரியாதை அவ்வளவுதான் என்று போன மாதம் மகளிடம் லேசாக வருத்தப்பட்டிருந்தேன். அதை நீங்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டாம்.

மறுநாள் காலை கம்ப்யூட்டரைத் திறந்தால் திரை முழுக்கச் சிவப்பு. நடுவில் ஒரு கடிகாரம் பின்னோக்கி ஓடுகிறது. மின்கட்டண அறிவிப்போ என்று முதலில் நினைத்தேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, அகராதியையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு படித்த பிறகுதான் விஷயம் விளங்கியது: உங்கள் கோப்புகளையெல்லாம் பூட்டிவிட்டோம், பணம் கட்டினால் சாவி தருவோம், கடிகாரம் நிற்பதற்குள் கட்டாவிட்டால் தொகை இரட்டிப்பாகும். நம் வீட்டு அலமாரியை நம் வீட்டிலேயே வைத்துப் பூட்டி, சாவியை மட்டும் எங்கேயோ இருக்கிற ஒருவன் மடியில் முடிந்துகொண்டிருக்கிறான். கோப்புகளின் பெயர்கள்கூட எழுத்தும் எண்ணும் கலந்து கன்னாபின்னாவென்று மாறியிருந்தன. உங்கள் அத்தை இன்ச் டேப் கழுத்தில் தொங்க வந்து பார்த்தாள். "நர்சுங்க அளவு எங்கே?" என்று மட்டும் கேட்டாள். நான் திரையைக் காட்டினேன்.

கேட்பவன் கள்ளனே ஆனாலும் கடிதத்துக்குப் பதில் எழுதுவது என் பழக்கம். அவர்கள் கொடுத்திருந்த இடத்தில் விடுநர், பெறுநர், பொருள், பார்வை எல்லாம் போட்டு, தாங்கள் பூட்டியிருப்பது ஒரு தையல்காரியின் அளவுகள், இதனால் தங்களுக்கு எவ்விதப் பயனும் இல்லை, எனவே தயவுகூர்ந்து விடுவிக்கவும் என்று எழுதினேன். மாப்பிள்ளை, சொன்னால் நம்ப மாட்டீர்கள், நான் காபி குடித்து முடிப்பதற்குள் பதில் வந்துவிட்டது. என் ஓய்வூதிய விஷயமாக எழுதிய கடிதத்துக்கு இன்றுவரை பதில் இல்லை. அந்த உத்தமர்கள், எங்களிடம் சாவி இருப்பதை நிரூபிக்க ஒரே ஒரு கோப்பை இலவசமாகத் திறந்து தருகிறோம், எது வேண்டும் என்று மரியாதையாகக் கேட்டிருந்தார்கள். உங்கள் அத்தை முகத்தில் அப்போதுதான் கொஞ்சம் உயிர் வந்தது. ஆனால் பெயர்கள் மாறிக் கிடக்கையில் எது அளவு, எது என்னவென்று யாருக்குத் தெரியும்? குருட்டாம்போக்கில் ஒன்றைத் தொட்டு அனுப்பினேன். திறந்து வந்தது. நம் தெருச் சாக்கடை அடைப்பு குறித்து நான் எழுதிய புகார் மனு. அத்தை அதை முழுக்கப் படித்தாள். "நல்லாத்தான் எழுதியிருக்கீங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். மனசு விட்டுப் போச்சு மாப்பிள்ளை.

முனைக்கடை ரிப்பேர்க்காரரைக் கூட்டி வந்தேன். வந்ததும் இணையக் கம்பியைப் பிடுங்கினார். பார்த்த உடனேயே பிடுங்கியிருக்க வேண்டாமா, அவனோடு கடிதப் போக்குவரத்து வேறயா என்று என்னைக் கேட்டார். பணம் கட்டினாலும் சாவி வரும் என்று நிச்சயமில்லை, ஒரு தரம் கட்டியவன் வீட்டு வாசலை அவன் மறக்கவும் மாட்டான் என்றார். சில பழைய பூட்டுகளுக்கு யாராவது மாற்றுச் சாவி கண்டுபிடித்து இலவசமாகப் போடுவது உண்டாம். தேடிப் பார்த்தார், இந்தப் பூட்டுக்கு இன்னும் இல்லையாம். பிற்பாடு வந்தாலும் வரலாம் என்று பூட்டிய கோப்புகளைத் தனியாக எடுத்து வைத்துவிட்டு, கம்ப்யூட்டரைத் துடைத்துக் கழுவி மறுபடி ஏற்ற வேண்டியதுதான் என்றார். "வேற நகல் எங்கயாவது இருக்கா சார்?" என்றார்.

இருந்தது. நகலுக்கென்று நீங்கள் வாங்கித் தந்த கறுப்புப் பெட்டி. விலை உயர்ந்த சாமான், எங்காவது காணாமல் போய்விடக் கூடாதே என்று வாங்கிய நாளிலிருந்து அதைக் கம்ப்யூட்டரிலேயே செருகி, நாடா போட்டுக் கட்டியும் வைத்திருந்தேன். அதனால் அதையும் சேர்த்துப் பூட்டிவிட்டான். நகல் எடுத்ததும் கழற்றி வேறு இடத்தில் வைப்பதற்குத்தான் அந்தப் பெட்டி என்று கடைக்காரர் சொன்னபோது, எனக்கு அந்த நாடாவை அவிழ்க்கக்கூடக் கை வரவில்லை.

காவல் நிலையத்துக்கும் போனேன். எழுத்தர் நல்ல மனுஷர்தான். பூட்டு உடைக்கப்பட்டதா என்று கேட்டார். இல்லை, பூட்டு போடப்பட்டது என்றேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னை உட்காரச் சொன்னார். மத்தியானம் வரைக்கும் உட்கார்ந்து, புகார் எண் வாங்கிக்கொண்டு வந்தேன்.

மறுபடி அளவெடுத்தால் என்ன என்பீர்கள். பாதிப் பேர் பகல் ஷிப்ட், பாதிப் பேர் இரவு ஷிப்ட். வருகிறவர்களும் பழைய அளவே போதும் அக்கா என்று இன்ச் டேப்பைக் கண்டு ஓடுகிறார்கள். உங்கள் அத்தை ராத்திரி சரியாகத் தூங்குவதில்லை. என்மேல் கோபப்பட்டாலாவது எனக்கு நிம்மதியாக இருக்கும், அதுவும் இல்லை. ஆகவே நான் கேட்பது ஒன்றே ஒன்று. உங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரில் இருக்கிறதே அந்த நகல், அதை ஒரு பென் டிரைவில் போட்டு உடனே அனுப்பி வையுங்கள். இப்போது எங்களுக்கு இருக்கும் ஒரே வழி நீங்கள்தான். போனை எடுக்காதது பற்றி நான் தப்பாக நினைக்கவில்லை. கொஞ்சம் நினைத்தேன், இனி நினைக்க மாட்டேன்.

நீங்கள் இருவரும் நோய்நொடியின்றி, சிவப்புத் திரை எதையும் காணாமல், நீடூழி வாழ வேண்டும். அத்தையும் தன் ஆசீர்வாதத்தைச் சேர்த்துக்கொள்ளச் சொன்னாள்.

இப்படிக்கு,
களைத்துப் போன உங்கள் மாமனார்

பி.கு.: உறையை ஒட்டப் போகும்போது மகள் கூப்பிட்டாள். உங்கள் கம்ப்யூட்டரிலும் அதே சிவப்பாம், அதே கடிகாரமாம், அத்தையின் நகலும் அதோடு போயிற்றாம். என்னிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல்தான் போனை எடுக்கவில்லையாம். ஊருக்கெல்லாம் புத்தி சொல்கிற மனுஷன் எப்படிம்மா அதைத் திறந்தார் என்று கேட்டேன். "பார்த்ததுமே இது ஏமாத்துன்னு அவருக்குத் தெரிஞ்சுதாம்ப்பா. ஆனா மாமா அனுப்பினது, இதையும் திறக்கலைன்னா மரியாதையா இருக்காதுன்னு திறந்துட்டாராம்" என்றாள். உங்கள் அத்தை கேட்டுக்கொண்டே நின்றாள். கடைசியில் "தங்கமான பிள்ளை" என்று சொல்லிவிட்டு, இன்ச் டேப்போடு ஆஸ்பத்திரி வாசலுக்குக் கிளம்பிவிட்டாள். ஷிப்ட் மாறும் நேரத்தில் வாசலிலேயே மறித்து அளவெடுக்கப் போகிறாளாம். எழுதிக்கொள்ள ஆள் வேண்டும், நானும் போகிறேன். மாப்பிள்ளை, இனிமேல் நான் என்ன அனுப்பினாலும் திறக்காதீர்கள். அதுதான் நீங்கள் எனக்குச் செய்யும் மரியாதை.