கிணற்றில் ஓடிய ஆறு

ஒரு நாவலை முழுதாகப் படிக்காமலே அதைப் பற்றிக் கூட்டத்தில் பேசியிருக்கிறேன். (நீங்களும் பேசியிருப்பீர்கள். ஆனால் முன்வரிசையில் உங்கள் அம்மா உட்கார்ந்திருக்க மாட்டார்.)

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துக்குப் போன முதல் ஆள் நான். அந்தப் பெருமையில் தலை கொஞ்சம் நிமிர்ந்தே இருக்கும். அச்சுப் புத்தகம் என்றால் முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் முதல் பக்கத்துக்கே போவேன். வெளிநாடு போன தோழி தன் இ-ரீடரைத் தந்தபோது வேண்டா வெறுப்பாகத்தான் வாங்கினேன். பிறகு மெல்லப் பழகினேன். எப்படிப் பழகினேன் என்கிறீர்கள்? பழுப்புத் தாளில் அட்டை போட்டு, லேபிள் ஒட்டி, பெயர் எழுதினேன். விரலில் எச்சில் தொட்டுப் பக்கம் தள்ளினேன். கால் பட்டால் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். முகர்ந்தும் பார்த்தேன், மழைக்கோட்டு வாசம்.

அம்மாவுக்கு அது போன்தான்.

"ஏட்டி, எந்நேரமும் போனையே பாத்துக்கிட்டு கெடக்கியே, கண்ணு என்னத்துக்கு ஆகும்?"

"எம்மா, இது போன் இல்ல, புஸ்தகம். உள்ள முந்நூறு புஸ்தகம் இருக்கு."

"சத்தியமா?"

"சத்தியமா."

அந்தச் சத்தியத்தைச் செய்திருக்கக் கூடாது.

அந்த வருஷம் விஜயதசமி காலையில், டவுனில் ஓர் அச்சகத்து மாடியில் கூடும் வாசகர் வட்டத்தில் நான் பேச வேண்டும். என் முதல் மேடை. மகள் பேசுவதைக் கேட்க அம்மாவும் வருவதாக இருந்தாள். பேச வேண்டிய நாவல் இ-ரீடரில் மட்டும் இருந்தது. சொட்டுத் தண்ணீர் இல்லாத ஊரில், கதை முழுக்க ஒரு கிணறு தோண்டுகிறார்கள். கடைசி மூன்று அத்தியாயங்களை முந்தின நாள் விடுமுறையில் ஆசையாகப் படிக்கலாமென்று மிச்சம் வைத்திருந்தேன். அது என்ன விடுமுறை என்பது மட்டும் (படித்த பெண்ணுக்கு!) நினைவில் இல்லை.

அந்த விடுமுறை நாள் காலையில் குளித்துவிட்டு வந்தால், என் புத்தகங்களெல்லாம் சரஸ்வதி பூசைக்கு மணையில் ஏறியிருந்தன. உச்சியில் இ-ரீடர். சந்தனம், குங்குமம், ஒரு செவ்வந்திப் பூ. பூசையில் வைத்த புத்தகத்தை மறுநாள் மறுபூசை முடியாமல் தொடக்கூடாது.

"எம்மா! அது புஸ்தகம் இல்ல, மிசினு!"

அப்பா, பேட்டைப் பட்டறையிலிருந்து கொண்டுவந்த ஸ்பேனர்களுக்குப் பொட்டு வைத்துக்கொண்டிருந்தார். நிமிரவே இல்லை.

"மிசினுன்னாலும் இன்னைக்கு ஆயுத பூசை இருக்குல்லா? புஸ்தகம்னா அங்கன, மிசினுன்னா இங்கன என் பக்கம். எங்கன வைக்கணும், நீயே சொல்லுட்டி."

எந்தப் பக்கம் போனாலும் சந்தனம்தான்.

படிக்க ஒன்றுமில்லாத பகல். குறுக்குத்துறைக்குப் போய்ப் படித்துறையில் உட்கார்ந்து, காலை ஆற்றில் விட்டேன். மீன்குஞ்சுகள் பாதத்தைக் கொறித்தன. கல்மண்டபத்துக் கூரையில் தண்ணீரின் வெளிச்சம் நெளிந்துகொண்டிருந்தது. துணி துவைக்கும் சத்தம் வேறு ஏதோ ஊரிலிருந்து வருவதுபோல் கேட்டது. படிக்காத மூன்று அத்தியாயங்களும் தாமாகவே எனக்குள் நடக்க ஆரம்பித்தன. கிணற்றின் அடியில் பாறை பிளந்தது. தண்ணீர் ஊறியது, நிறைந்தது, வழிந்து தெருவெல்லாம் ஓடியது. கரையில் மருதமரங்கள் வந்து நின்றன. நாயகி சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு முழங்கால் தண்ணீரில் நடந்து போனாள். எனக்கே கண் கலங்கிவிட்டது. வேறு எப்படி முடியும் அந்தக் கதை?

மறுநாள் மறுபூசை முடிந்து கையில் எடுத்தால், அது கண் திறக்கவில்லை. சார்ஜ் இல்லை. (வாரக்கணக்கில் தாங்கும் என்பதால் சார்ஜ் போடுவதையே மறந்திருந்தேன். அச்சுப் புத்தகம் என்றைக்காவது பசிக்கிறது என்று சொல்லியிருக்கிறதா?) பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது.

பேசினேன். நன்றாகப் பேசினேன் என்பதுதான் கொடுமை. கிணறு பொங்கியது, தெருவில் ஆறு ஓடியது, மருதமரம் அசைந்தது, நாயகி சேலையைச் செருகிக்கொண்டு முழங்கால் தண்ணீரில் நடந்தாள். முடித்ததும் இரண்டாம் வரிசையில் ஓர் அக்கா தயங்கித் தயங்கி எழுந்தார். கையில் அதே நாவல். அச்சில்.

"தங்கச்சி, நீங்க சொன்னது ரொம்ப அழகா இருக்கு. ஆனா இதுல தண்ணியே வரலியே? கிணத்த மூடிட்டு, ஊரையே காலி பண்ணிட்டுல்லா போறாங்க?"

"அது வேறு பதிப்பாக இருக்கும்" என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் அம்மா எழுந்துவிட்டாள்.

"அவ மேல தப்பு இல்ல தாயீ. புஸ்தகம் நேத்துப் பூரா பூசையில இருந்துச்சு. எப்பிடிப் படிப்பா? ஆத்தங்கரையில போயி உக்காந்து அவளா யோசிச்சிருக்கா." பிறகு கூட்டத்தைப் பார்த்து, அப்படியொரு பெருமையோடு, "எம்புள்ள சொன்னது நல்லாத்தான இருந்துச்சு?" என்றாள்.

மாடியே சிரித்தது. கைதட்டல் முழுக்க அம்மாவுக்கு.

வீட்டுக்கு வந்து சார்ஜ் ஏற்றி, அந்த மூன்று அத்தியாயங்களையும் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். சந்தனம் காய்ந்த மூலையில் எழுத்து தெரியவில்லை. மற்ற இடங்களிலும் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. "இதுக்கா இத்தன நாளு தோண்டுனானுவ?" என்று அம்மா கோபத்தோடு எழுந்து போனாள்.

இன்றைக்கும் எங்கள் வீட்டில் யாராவது கொஞ்சம் அளந்துவிட்டால் போதும். அம்மா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, நடுவீட்டில் முழங்கால் தண்ணீருக்குள் நடப்பதுபோல், ஒவ்வொரு காலாக எடுத்து வைத்து நடந்து காட்டுவாள்.