கையில் கொடுக்க வேண்டிய நோட்டீஸ்

முகம் முழுக்க சோப்பு நுரை. கழுத்தில் கத்தி. சட்டைப் பையில், அந்தக் கத்தியைப் பிடித்திருப்பவரைக் காலி செய்யச் சொல்லும் நோட்டீஸ். இந்த நிலைமையில் எந்த மனுஷன் வாயைத் திறப்பான்? மீசைக்காரரும் திறக்கவில்லை.

ஓய்வு பெற்றபோது வந்ததையெல்லாம் கொட்டி அவர் வாங்கிய ஒரே கடை அது. அதில் வாடகைக்கு இருந்த சலூன்காரர் வாடகையைக் கண்ணில் காட்டி மாதக்கணக்காகிவிட்டது. தெருவே அவரை மீசைக்காரர் என்றுதான் அழைத்தது. ஆனால் அந்த மீசைக்கு இருந்த மிடுக்கு ஆளுக்குக் கிடையாது.

"முறுக்கினா மட்டும் போதுமா? வசூல் பண்ணத் துப்பு வேணாம்?" என்று மனைவிதான் அவரை வக்கீலிடம் விரட்டினாள்.

"நோட்டீஸை நீங்களே அவர் கையில குடுக்கணும். அதுக்கப்புறம் பதினஞ்சு நாள் அவகாசம். அதுக்குள்ள வாடகை வரலன்னா காலி பண்ண வச்சிடலாம்" என்றார் வக்கீல்.

கொடுக்கப் போனவரை, "வாங்கண்ணே, எவ்வளவு நாளாச்சு!" என்று நாற்காலியில் அமுக்கித் துண்டைப் போர்த்திவிட்டார் சலூன்காரர். ஷேவிங் முடிந்து, கத்தி மேசைக்குப் போன பிறகுதான் மீசைக்காரருக்கு வீரம் வந்தது. நோட்டீஸை நீட்டினார். சலூன்காரர் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

வெற்றியோடு வந்தவரின் பளபளப்பான கன்னத்தை வக்கீல் உற்றுப் பார்த்தார்.

"ஷேவிங்குக்குக் காசு குடுத்தீங்களா?"

"என் கடையில நான் எதுக்குக் குடுக்கணும்?"

"போச்சு! இலவச ஷேவிங்கை வாடகைக்குப் பதிலா வாங்கிக்கிட்டதா ஆயிடும். வாடகை வாங்கினா நோட்டீஸ் செல்லாது. முதல்லேருந்து ஆரம்பிக்கணும்."

இரண்டாவது நோட்டீஸுக்கு இரண்டாவது ஃபீஸ்.

இந்தத் தடவை மீசைக்காரர் உஷார். முடி வெட்டிக்கொண்டார். நோட்டீஸைக் கொடுத்தார். கூடவே காசையும் மேசையில் டக்கென்று வைத்தார். சலூன்காரரோ அந்த ரூபாய் நோட்டை எடுத்து அவர் சட்டைப் பையிலேயே செருகினார்.

"இத வாடகையில வரவு வச்சுக்கோங்கண்ணே. இல்லன்னா எனக்குத் தூக்கம் வராது."

மீசைக்காரருக்கு மனசு குளிர்ந்துவிட்டது. என்ன இருந்தாலும் நாணயமான ஆள்!

"பையிலேயே வச்சுக்கிட்டு வந்துட்டீங்களா?" வக்கீல் தலையில் கை வைத்தார். "அதுக்குப் பேருதான் சார் வாடகை வாங்கறது!"

மூன்றாவது நோட்டீஸ் கைக்கு வந்ததும் மீசைக்காரர் இரவெல்லாம் யோசித்தார். மயிர் இருந்தால்தானே வெட்டுவான்? விடிந்ததும் வேறு தெருவில் இருந்த சலூனுக்குப் போனார். "எல்லாத்தையும் எடுத்துடுப்பா" என்றார். தலை போனது. கிருதா போனது. கண்ணை இறுக்க மூடிக்கொண்டார். மீசையும் போனது.

கதவைத் திறந்த மனைவி, "அவர் வெளிய போயிருக்காரு, அப்புறம் வாங்க" என்று சாத்திவிட்டாள். குரலைக் கேட்டபிறகுதான் மறுபடி திறந்தாள். "வாடகை வாங்கப் போன மனுஷன் மொட்டை அடிச்சுக்கிட்டு வந்து நிக்குது! உருப்பட்டாப்லதான்!"

எதையும் காதில் வாங்காமல் அவர் நேராகக் கடைக்குப் போய் நோட்டீஸை நீட்டினார்.

"யாருங்க நீங்க?" என்றார் சலூன்காரர்.

"விளையாடாதே. நான்தான் கடை ஓனர்!"

"எங்க ஓனருக்கு இவ்வளவு பெரிய மீசை இருக்குங்க. வழியில போறவங்க குடுக்கற நோட்டீஸையெல்லாம் வாங்க முடியுமா? நாளைக்குச் சட்டச் சிக்கல் வந்தா நான் எங்க போறது?"

சுவரோரம் காத்திருந்த வாடிக்கையாளர்களைச் சாட்சிக்குக் கூப்பிட்டார் மீசைக்காரர். "குரல் கொஞ்சம் அவர் மாதிரிதான் இருக்கு" என்றார் ஒருவர். "அவருக்குத் தம்பி இருக்காரோ?" என்றார் இன்னொருவர்.

வக்கீல் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார்.

"அவர் சொல்றதும் நியாயம்தானே? ஓனர்னு அடையாளம் தெரிஞ்சாத்தான் நோட்டீஸ் செல்லும். மீசை நல்லா வளரட்டும். அப்புறம் நாலாவது நோட்டீஸ் போடலாம்."

"அப்ப அவகாசம் அவருக்கா, என் மீசைக்கா?"

"ரெண்டு பேருக்கும்தான்" என்று கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு வக்கீல் கோர்ட்டுக்குக் கிளம்பிவிட்டார்.

மீசைக்காரர் நாற்காலியில் சரிந்தார். பழக்க தோஷத்தில் விரல்கள் மேலுதட்டுக்குப் போய், முறுக்க ஒன்றுமில்லாமல் திரும்பி வந்தன. வக்கீல் ஆபீஸ் மூலையில் தட்டச்சு செய்துகொண்டிருந்த அம்மாவிடம் புலம்பினார்.

"ஏம்மா, படிச்ச நானே இப்படித் திண்டாடறேன். நோட்டீஸை எப்படி எப்படியெல்லாம் உடைக்கலாம்னு அந்தச் சலூன்காரருக்கு யாரும்மா சொல்லிக் குடுத்திருப்பாங்க?"

அந்த அம்மா தலையை நிமிர்த்தாமலே தட்டிக்கொண்டே சொன்னாள்:

"எங்க ஐயா தினமும் அங்கதான் சார் ஷேவிங் பண்ணிக்கறாரு. காசு குடுக்க மாட்டாரு, யோசனைதான் குடுப்பாரு."