சொதியில் கலந்த நெஞ்செரிச்சல் மருந்து

மாப்பிள்ளைக்கு வயிறு எவ்வளவு பெரிதாகவும் இருக்கலாம்; அதில் கோளாறு மட்டும் இருக்கக் கூடாது. அறுபதுகளின் தொடக்கத்தில் எங்கள் பக்கம் இதுதான் சட்டம். எனக்கு முன்னால் வந்த வரனை ‘வயித்துவலிக்காரன்’ என்று தட்டிக்கழித்தவர் என் மாமனார். (எனக்கு வலி இல்லை, எரிச்சல்தான். அதை யாரிடம் போய் விளக்குவது?)

சாப்பிட்டுப் படுத்தால் நெஞ்சு எரியும். புளித்த தண்ணீர் தொண்டைவரை வரும். “வயித்துல இருக்க வேண்டிய அமிலம் மேல ஏறுது. இது அதோட வேகத்தத் தணிக்கும். தலைமாட்ட உசத்திப் படுங்க” என்று தென்காசி டாக்டர் ஒரு வெள்ளை மருந்து கொடுத்தார். சுண்ணாம்புத் தண்ணீரில் பெப்பர்மிண்ட் போட்ட ருசி. குடித்த கொஞ்ச நேரத்தில் நெஞ்சு குளிர்ந்துவிடும்.

குற்றாலத்தில் மாமியார் வீட்டில் மறுவீட்டுச் சாப்பாடு. தேங்காய்ப்பால் சொதி அத்தையின் பெருமை. அதற்காகவே புளியறையிலிருந்து சொந்தக்காரர்கள் வந்திருந்தார்கள். மருந்துப் பாட்டில் யார் கண்ணிலாவது பட்டால் மானம் போகும். ஆளில்லாத நேரம் பார்த்து அடுக்களைக்குள் நுழைந்து, மருந்தை முழுதாக ஒரு செம்பில் கவிழ்த்து, பாட்டிலைக் கொல்லையில் வீசினேன். (என்ன மூளை!) குடிக்கப் போகும்போது காலடிச் சத்தம். செம்பை வைத்துவிட்டு ஓடிவந்தேன்.

அடுப்பிலிருந்து இறக்கும்போது ஊற்றும் கெட்டித் தேங்காய்ப்பால் என்று நினைத்து அத்தை அதையும் சொதியில் ஊற்றிவிட்டார்.

“என்னது, சொதில மிட்டாய் வாசம் அடிக்குது?” என்று பந்தியில் ஒரு குரல்.

அத்தை ஒரு சொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார். “இத்தன வருசமா வைக்கேன், இப்படி ஆனதே இல்லையே” என்றார். கண் நிறைந்துவிட்டது. எனக்குப் பொறுக்கவில்லை.

“அத்தை, உங்க மேல தப்பில்ல. அது என் நெஞ்செரிச்சல் மருந்து.”

பக்கத்து இலையில் என் புது மனைவி கோமதி தலையைக் குனிந்துகொண்டாள். எல்லாரும் மாமனாரைப் பார்த்தார்கள். அவர் நெஞ்சைத் தடவிக்கொண்டிருந்தார்.

“அதான பாத்தேன்! ரெண்டு தடவ வாங்கி ஊத்தியும் நெஞ்சு எரியலையே! மாப்ளே, இத எங்கன வாங்குனிய?”

அத்தை கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்துவிட்டார். “இவ்வளவு நாளா எங்கிட்டகூடச் சொல்லலையே, நீங்க!” என்று மாமாவுக்குத்தான் திட்டு விழுந்தது. (மறுநாள் காலையில் விருந்தாளிகள் கொல்லைக்கு ஓடிய ஓட்டத்தைப் பற்றி நான் எழுதப்போவதில்லை.)

இன்றும் அந்த வீட்டில் சொதி வைத்தால், “மாப்ளப் பால் ஊத்தியாச்சா?” என்று யாராவது கேட்காமல் இருப்பதில்லை. அத்தை மட்டும் ஒருநாளும் கேட்டதில்லை. அவர் இருந்தவரை, நான் போகும்போதெல்லாம் என் படுக்கையில் இரண்டு தலையணை போட்டிருப்பார். மாமாவின் கட்டிலிலும் இரண்டு.