இருபத்து மூன்றாவது கட்டளை

எனக்கு ஸ்பானிஷ் தெரியும். இருபத்து மூன்று வார்த்தை. அத்தனையும் கட்டளை. வா, உட்கார், படு, திரும்பு, மூச்சு விடு. இப்படி. ஸ்பானிஷில் நன்றி சொல்ல எனக்குத் தெரியாது. மன்னிப்புக் கேட்கத் தெரியாது. உன் பெயர் என்ன என்று கேட்கக்கூடத் தெரியாது. ஒருவரைப் படுக்க வைத்துத் திருப்பிப் போடத் தெரியும்.

இதில் இருபத்து இரண்டு வார்த்தை ‘செய்’ என்று சொல்வது. ஒன்று மட்டும் ‘செய்யாதே’. அந்த ஒன்று எனக்குச் சில நாள் தாமதமாகக் கிடைத்தது. அந்தச் சில நாளில் என் வெளிநாட்டு வேலை போயிற்று.

நான் ஏழாம் கிளாஸ். அதிகம் பேசுகிற ஆளும் இல்லை. (வாயைத் திறந்தால் உள்ளே ஈ போய்விடும் என்று எனக்குப் பயமாம். என் மனைவி சரோஜம் சொல்வாள்.) கோவளத்துக்கும் விழிஞ்ஞத்துக்கும் நடுவே ஒரு ஆயுர்வேத சிகிச்சை நிலையம். அங்கே எண்ணெய் தேய்க்கிற வேலை. தொண்ணூறுகளின் கடைசி. வெள்ளைக்காரர்கள் முதுகைப் பிடித்துக்கொண்டு வந்து இறங்கிய காலம்.

எண்ணெய் தேய்க்கப் பேச்சு வேண்டாம். ஆனால் படு, திரும்பு என்று சொல்லியாக வேண்டும். அது தெரியாமல் எத்தனையோ பேரைக் கையால் புரட்டியிருக்கிறேன். எண்ணெய் வழுக்கும். ஒருவர் பலகையிலிருந்து கீழே போனார். அதற்குப் பிறகுதான் பாஷை படிக்கலாம் என்று தோன்றியது.

சொல்லித் தந்தவன் பாப்லோ. ஸ்பெயின்காரப் பையன், இருபத்தைந்து வயது இருக்கும், இடுப்பு வலி. அவனுக்கும் இங்கிலீஷ் அரைகுறை, எனக்கும் அரைகுறை. அதனால் நன்றாகப் புரிந்தது.

அவன் சொன்ன சூத்திரம் எளிது. ‘அவன் சாப்பிடுகிறான்’ என்பதற்கு அவர்கள் ‘கோமே’ என்பார்களாம். அதையே எதிரில் இருப்பவன் முகத்தைப் பார்த்துச் சொன்னால் ‘சாப்பிடு’. ‘அவன் மூச்சு விடுகிறான்’ என்றால் ‘ரெஸ்பீரா’. முகத்தைப் பார்த்துச் சொன்னால் ‘மூச்சு விடு’. அவ்வளவுதான். தமிழில் வாலையாவது வெட்ட வேண்டும். அங்கே அதுவும் வேண்டாம். சூத்திரத்துக்கு அடங்காதவை எட்டு உண்டாம். அதில் எனக்கு வேண்டியது ‘வா’ மட்டும். ‘பென்’. அதை மட்டும் வாங்கிக்கொண்டு மற்ற ஏழையும் அவனிடமே விட்டுவிட்டேன்.

“இது சிநேகிதனிடம் சொல்லுகிற மாதிரி. பெரியவர்களிடம் வேறு மாதிரி சொல்ல வேண்டும்” என்றான் பாப்லோ.

அதற்கு இன்னொரு நோட்டு வேண்டும் போலிருந்தது. வேண்டாம் என்றேன்.

கடைசி நாள் ‘செய்யாதே’ சொல்லித் தர உட்கார்ந்தான். அங்கேதான் சிக்கல். ‘ஆ’ என்று முடிந்தால் ‘ஏ’ ஆக்கவேண்டுமாம். ‘ஏ’ என்று முடிந்தால் ‘ஆ’ ஆக்கவேண்டுமாம். வாலில் ஒரு ‘ஸ்’. எல்லாம் தலைகீழ். நான் நோட்டை மூடினேன். வருகிறவன் பலகையில் பிணம் மாதிரி கிடக்கிறான். அவனிடம் ‘செய்யாதே’ என்று சொல்ல என்ன இருக்கிறது?

(இளமையில் மனிதனுக்கு இப்படியெல்லாம் புத்தி போகும். எனக்கு அப்போது முப்பத்தெட்டு.)

அடுத்த வருஷம் ராமோன் வந்தார். அறுபத்தைந்து வயது. ஆறடி. மூட்டு வலி. தன் ஊரில் மலையடிவாரத்தில் வீடு இருக்கிறது, அங்கே எண்ணெய் சிகிச்சை தொடங்கப் போகிறார், இங்கிருந்து ஒரு ஆளைக் கூட்டிப்போவார் என்று பேச்சு. எங்கள் நிலையத்தில் அதற்கு இரண்டே ஆள். நானும் பிஜுவும். பிஜு சின்ன வயது, இங்கிலீஷ் பேசுவான், பேண்ட் போடுவான்.

“அண்ணாச்சி, ஸ்பெயினில் போயிட்டு கோமே கோமே பறஞ்ஞால் மதியோ?” என்று சிரித்தான். அங்கே போய் ‘கோமே கோமே’ சொன்னால் போதுமா என்று கேட்கிறான்.

ஆனால் ராமோனுக்கு இங்கிலீஷ் ஆகாது. அதனால் நிலையத்து டாக்டரம்மா அவரை என் கையில் ஒப்படைத்தார்.

முதல் நாள் எனக்கு நாக்கு எழவில்லை. அந்த வயதுக்காரரை ‘வா, படு’ என்று எங்கள் கரமனையில் யாராவது சொன்னால் வாயில் பல் இருக்காது. ஆனால் என்னிடம் இருந்தது அந்த ஒரு சாதி வார்த்தைதான். அதனால் வார்த்தையில் இல்லாத மரியாதையை உடம்பில் காட்டினேன். கைகூப்பி, இடுப்பு வரை குனிந்து, “வா” என்றேன். பிறகு குனிந்தபடியே, “சட்டையைக் கழற்று.”

அவர் ஒரு நிமிஷம் பார்த்தார். கழற்றினார்.

நாற்பது வருஷம் ஏதோ பெரிய ஆபீசில் மற்றவர்களை ஏவினவராம். இப்போது ஒருவன் ஏவக் கேட்பது அவருக்குச் சுகமாக இருந்திருக்கிறது. படு என்றால் படுத்தார். கண்ணை மூடு என்றால் மூடினார். நான் சொல்லாமல் ஒரு விரலைக்கூட அசைக்கவில்லை. என் வாழ்க்கையில் என் பேச்சைக் கேட்ட முதல் மனிதர் அவர்.

பன்னிரண்டாம் நாள் பேதி மருந்து. வயிறு கழுவிக் கவிழ்த்த சட்டி மாதிரி ஆகிவிடும். அதற்குப் பிறகு கஞ்சிதான். அதுதான் பத்தியம். பதினாலாம் நாள் அவர் மொழிபெயர்க்க ஆள் வைத்து டாக்டரம்மாவிடம், செல்லப்பன் வீட்டை, அதாவது என் வீட்டை, பார்க்கவேண்டும் என்றிருக்கிறார். ஆளைக் கூட்டிப்போகும் முன் அவன் குடும்பத்தைப் பார்க்க ஆசையாம்.

டாக்டரம்மா என்னைக் கூப்பிட்டு விரலை ஆட்டினார். “செல்லப்பா, கஞ்ஞியும் பயறும் மாத்ரம். வேறொண்ணும் கொடுக்கருது. மனசிலாயோ?”

கஞ்சியும் பயறும் மட்டும், வேறொன்றும் கொடுக்கக் கூடாது, புரிந்ததா என்கிறார். மனசிலாயிற்று. வீட்டுக்கு வந்து சரோஜத்திடம் சொன்னேன். அவளுக்கு மனசிலாகவில்லை.

“என்ன சொல்லுதிய? கடல் கடந்து வந்த மனுஷனுக்குக் கஞ்சியா? உங்களக் கூட்டிட்டுப் போற ஆளாக்கும் அது. பின்ன, இந்த லைன்ல உள்ளவங்க மூஞ்சில நான் எப்பிடி முழிப்பேன்?”

“பத்தியம்” என்றேன்.

“எனக்குத் தெரியும். எல்லாத்துலயும் கொஞ்சம் கொஞ்சம்தான் வெப்பேன்.”

சரோஜத்தின் ‘கொஞ்சம்’ எனக்குத் தெரியும். அப்போதே ஒரு சத்தம் போட்டிருக்கலாம். போடவில்லை. பேசாமல் இருப்பது கெட்டிக்காரத்தனம் என்று நினைத்துக்கொண்டிருந்த காலம்.

மறுநாள் மதியம் காரில் அவரைக் கரமனைக்குக் கூட்டிவந்தேன். மூன்று வீடு சேர்ந்த லைன் வீடு. நடுவீடு எங்களுடையது; மற்ற வீட்டுக்காரர்கள் வேடிக்கை பார்க்க வந்திருந்தார்கள். ஜன்னலில் ஆறு தலை. உள்ளே பாயில் தலைவாழை இலை. இலையைச் சுற்றி அவியல், எரிசேரி, தீயல், சாம்பார், ரசம், பப்படம், உருளியில் சக்கப் பிரதமன் என்கிற பலாப்பழப் பாயசம். கஞ்சி ஒரு ஓரத்தில் சின்னக் கிண்ணத்தில் இருந்தது, வெட்கப்பட்டுக்கொண்டு.

ராமோன் மூட்டைப் பிடித்துக்கொண்டு இலை முன்னால் உட்கார்ந்தார். சரோஜம் சோற்றைக் குவித்து நெய் விட்டாள். அவர் இலையைத் தொடவில்லை. என்னைப் பார்த்தார். பதினாலு நாள் பழக்கம். கட்டளைக்குக் காத்திருக்கிறார்.

சரோஜம் பல்லைக் கடித்தாள். “சாப்பிடச் சொல்லுங்க. மரம் மாதிரி நிக்காதிய. சோத்தப் போட்டுட்டு வாயத் தொறக்காம நின்னா மனுஷன் என்ன நெனப்பாரு?”

ஜன்னலில் ஆறு தலை. வீட்டுக்காரன் நான். இலையில் சோறு.

“கோமே” என்றேன்.

அவர் சாப்பிட்டார். ஒரு பருக்கை மிச்சமில்லாமல். அவர் ஊரில் தட்டைக் காலி செய்வதுதான் மரியாதையாம். எங்கள் வீட்டில் இலை காலியானால் இன்னும் வேண்டும் என்று அர்த்தம். சரோஜம் மறுபடி குவித்தாள். அவர் என்னைப் பார்த்தார். சரோஜம் என்னைப் பார்த்தாள்.

“கோமே.”

மூன்றாவது தடவை அவர் நெற்றியில் வியர்வை. நிறுத்தியாக வேண்டும். ‘சாப்பிடாதே’ என்று ஒரே ஒரு வார்த்தை. ‘ஏ’ ‘ஆ’ ஆகுமா, ‘ஆ’ ‘ஏ’ ஆகுமா? மூடின நோட்டு மூடினதுதான். கையிலிருக்கும் சரக்கைத் துழாவினேன்.

“எஸ்பேரா” என்றேன். பொறு.

அவர் கையை இலைக்கு மேலே தூக்கி அப்படியே நிறுத்தினார். அந்த இடைவெளியில் சரோஜம் எரிசேரியை வைத்துவிட்டாள்.

“கண்ணை மூடு” என்றேன். இலையைப் பார்க்காவிட்டால் பசி அடங்கும் என்று ஒரு யோசனை. மூடினார்.

“பாவம், சாமி கும்பிடுதாரு” என்றாள் சரோஜம். பிரதமனை ஊற்றினாள்.

ஜன்னலிலிருந்து ஒரு குரல்: “எக்கா, பப்படம் வெக்கலியே!”

இலையை மடக்கிவிட்டால் விளம்ப, அதாவது பரிமாற, முடியாது. அது எனக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது. நானே குனிந்து இலை நுனியைப் பிடித்தேன். சரோஜம் என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

“என்ன செய்யிய? வீட்டுக்கு வந்த ஆளோட எலையை நாம மடக்குகதா? எழும்பிப் போன்னு சொல்லுகது மாதிரியில்லா!”

அதுவும் சரிதான். கையை எடுத்தேன். ராமோன் கண்ணைத் திறந்தார். இலையில் பிரதமன் ஓடிக்கொண்டிருந்தது. என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கெஞ்சல் இருந்தது என்று இப்போது தெரிகிறது. அப்போது ஆசை என்று நினைத்தேன்.

“கோமே” என்றேன். தெரிந்த வார்த்தை தானாக வந்துவிட்டது.

அந்தப் பிரதமனோடு அவர் நிறம் மாறியது. சிவப்பு, வெள்ளை, பிறகு எங்கள் வீட்டுச் சுவரின் பச்சை. இப்போது எனக்கு வேலை தெரிந்தது. எழுந்திரு என்றேன், எழுந்தார். வா என்றேன், வந்தார். பின்பக்கம் மூன்று வீட்டுக்கும் ஒரே கக்கூஸ். கதவு சாத்தியிருந்தது. உள்ளே மேலவீட்டு ரிட்டயர்டு கண்டக்டர். அவர் உள்ளே போனால் பத்திரிகையோடு போவார்.

கதவைத் தட்டினேன். “அண்ணாச்சி, அவசரம்!”

“பாதி ஆயிருக்குடே” என்றார் உள்ளிருந்து. பாதி எது என்று சொல்லவில்லை. பத்திரிகையாகவும் இருக்கலாம்.

நான் ராமோன் பக்கம் திரும்பினேன். கைகூப்பினேன். “எஸ்பேரா.”

பதினாலு நாளில் அவரால் கீழ்ப்படிய முடியாமல் போன கட்டளை அது ஒன்றுதான்.

மதிலோரம் ஒரு செம்பருத்தி நின்றது. இதற்கு மேல் சொல்லவேண்டாம். (அந்தச் செம்பருத்தி பிறகு பூக்கவே இல்லை என்பாள் சரோஜம். பொய். அடுத்த மாதமே பூத்தது. முன்பைவிடப் பெரிதாக.) ஜன்னலில் இருந்த ஆறு தலையும் ஓட்டமாகப் பின்பக்கம் வந்து சேர்ந்தன. அவர்கள் முன்னால் நான் அவரை வராந்தாவில் படு என்றேன். திரும்பு என்றேன். மூச்சு விடு என்றேன். எல்லாம் செய்தார்.

“எப்பா, நாய்க்குட்டி மாதிரி அனுசரணையுள்ள சாயிப்பு” என்றார் கண்டக்டர், வெள்ளைக்காரரைப் பார்த்தபடி. வெளியே வந்துவிட்டார், பத்திரிகையை முடித்துக்கொண்டு.

மறுநாள் காலை டாக்டரம்மா கூப்பிட்டார். ராமோன் நாற்காலியில் கஞ்சிக் கிண்ணத்தோடு. பக்கத்தில் ஹோட்டலிலிருந்து வந்த மொழிபெயர்ப்புப் பெண். பிஜு வாசலில், சிரிப்பை அடக்கிக்கொண்டு. டாக்டரம்மா கால் மணி நேரம் என்னைக் கழுவி ஊற்றினார். பிறகு எதற்கு அவ்வளவு சாப்பிட்டீர்கள் என்று அவரிடம் கேட்கச் சொன்னார்.

அந்தப் பெண் கேட்டுச் சொன்னாள். “செல்லப்பன் சாப்பிடு, சாப்பிடு என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அதனால் அதுவும் சிகிச்சைதான், கடைசிக் கட்டம் என்று நினைத்தாராம்.”

பிஜு வெளியே போய்ச் சிரித்தான்.

அப்புறம் ராமோன் மெதுவாகப் பேசினார். அவள் அதையும் சொன்னாள். “உங்கள் கை நல்ல கை என்கிறார். சமையலும் பிரமாதம். ஆனால் அவர் வீட்டுக்கு நோயாளிகள் வருவார்கள். நிறுத்து என்று சொல்லத் தெரியாதவனை அவர்கள் பக்கத்தில் விடப் பயமாக இருக்கிறதாம்.”

கைகூப்பிவிட்டு எண்ணெய் அறைக்குத் திரும்பினேன்.

பிஜுவுக்கு விசா வந்தது.

ஊருக்குப் போகிற அன்று ராமோன் என்னைத் தேடி எண்ணெய் அறைக்கு வந்தார். மருந்துச் சீட்டின் பின்பக்கம் இரண்டு வார்த்தை எழுதி என் கையில் கொடுத்தார். விரலால் தொட்டுத் தொட்டு வாசித்தார். “நோ கோமாஸ்.” நானும் சொன்னேன். இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். சொன்னேன். ‘சாப்பிடாதே’ என்று அர்த்தம். ‘ஏ’ ‘ஆ’ ஆகியிருந்தது. வாலில் ஒரு ‘ஸ்’. அவ்வளவுதான் விஷயம். தோளில் தட்டிவிட்டுப் போனார். அவரும் சிரிக்கவில்லை, நானும் சிரிக்கவில்லை.

வீட்டுக்கு வந்து அந்தச் சீட்டைக் காலண்டர் ஆணியில் குத்தினேன். சரோஜம் என்னவென்று கேட்டாள். சொன்னேன். அன்று அவள் சாப்பிடவில்லை. “ஒரு வாக்கு சொல்லியிருக்கப்படாதா நீங்க, தமிழிலயாவது?” என்றாள். எனக்கு அது அதுவரை தோன்றவே இல்லை.

வருஷம் பல ஆயிற்று. எங்கள் வீட்டில் பந்தியில் யாரும் ‘போதும்’ என்று சொல்வதில்லை. இலை மேல் கையை விரித்து ‘ராமோன்’ என்பார்கள். மகள் கல்யாணத்தில் எங்கள் பக்கத்து ஆட்கள் வரிசையாக ‘ராமோன், ராமோன்’ என்றதைக் கேட்டு, மாப்பிள்ளை வீட்டார் அது எங்கள் குலதெய்வம் என்று நினைத்தார்கள்.

எனக்கு இப்போது சர்க்கரை. டாக்டர் சொன்னதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஓணத்தன்று உருளிப் பக்கம் கை நீளும். அடுப்படியிலிருந்து, தலையைக்கூடத் திருப்பாமல், சரோஜத்தின் குரல் வரும்.

“நோ கோமாஸ்.”

எனக்கு ஸ்பானிஷில் இருபத்து மூன்று வார்த்தை தெரியும். அவளுக்கு ஒன்றுதான். கையை எடுத்துக்கொள்கிறவன் நான்.