காக்கா மெஷினும் என் மத்தியானத் தூக்கமும்

இந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தூங்கியே தீருவது என்று முடிவெடுத்துவிட்டேன். சித்திரை பிறந்ததிலிருந்து என் மனைவி சரண்யாதேவி மொட்டை மாடியில் கூழ்வத்தல் காயப்போடுகிறாள். காக்கா விரட்ட அழகுபாண்டி, அதாவது நான், குச்சியோடு காவல். செல்லூரில் அம்புட்டு தறி மோட்டாரையும் ரிப்பேர் பார்க்கிற மனுஷன் காக்காவிடம் தோற்கலாமா?

டவுன்ஹால் ரோட்டில் தீப்பெட்டி அளவில் ஒரு போர்டு வாங்கினேன். குட்டி கம்ப்யூட்டர். அதில் ஒரு சென்சார், ஒரு சின்ன மோட்டார், நுனியில் கிழிந்த குடைத்துணி. எதிரே எது அசைந்தாலும் துணி விசுக்கென்று வீசும். கையை ஆட்டிக் காட்டினேன். வீசியது.

"மாடியில ப்ளக் இல்லையே, கரன்ட்டுக்கு?" என்றாள் தேவி. கப்பலூரில் பவர் பேங்க் டெஸ்ட் பண்ணுகிற வேலை அவளுக்கு.

"யூ.எஸ்.பி. வயர்தான. ஒரு பவர் பேங்க் குடு."

"காக்கா வாய் வச்சிருச்சுன்னா?"

"வருஷம் பூரா நானே உக்காந்து விரட்டுறேன். போதுமா?"

அவளிடம் இரண்டு இருந்தன. யோசித்துப் பெரியதை நீட்டினாள். நெஞ்சு நெகிழ்ந்துபோனது.

தண்ணீர்த் தொட்டி நிழலில் பாயை விரித்தேன். கண்ணை மூடியதும் பாய் மெல்ல எழும்பியது. கோபுரங்களைத் தாண்டி மிதந்தேன். மேகம் ஒன்று வந்து தலைக்கடியில் படுத்துக்கொண்டது. கீழே வைகையில் இரு கரையும் தொட்டுத் தண்ணீர். அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

விழித்தால் ஏழு காக்கா. ஒன்று குடைத்துணி மேலேயே உட்கார்ந்து வத்தல் மென்றது. படியில் தேவி.

"மெஷின் என்ன செய்யுது?"

"பவர் பேங்க் தானா அணைஞ்சிருச்சு. சார்ஜ் ஃபுல்லா இருக்கே."

"இம்புட்டூண்டு போர்டு இழுக்குற கரன்ட்டு அதுக்கு ஒறைக்காதுங்க. ஒண்ணும் மாட்டலைன்னு நெனச்சு அரை நிமிஷத்துல தூங்கிரும்."

"ஒனக்கு முன்னாடியே தெரியுமா?"

"அதைப் பாக்குறதுக்குத்தான எனக்குச் சம்பளம்."

"அப்ப அந்தச் சின்னது?"

"அது தூங்காது. அதுல என் குட்டி யூ.எஸ்.பி. ஃபேன் ஓடுது."

அவளே இரக்கப்பட்டாள்.

"இதுல பட்டன் இருக்கு பாருங்க. அரை நிமிஷத்துக்கு ஒருக்கா அமுக்கிக்கிட்டே இருங்க, அணையாது. காக்காய மெஷின் பாத்துக்கிரும்."

குச்சியைக் கையில் எடுத்தால் மெஷின் தோற்றதாக ஆகிவிடும். மானஸ்தன், பட்டனை அமுக்கினேன். முன்பு காக்கா வந்தால்தான் எழுந்திருப்பேன். இப்போது வராவிட்டாலும் அமுக்குகிறேன். வானம் அதே நீலத்தில்தான் இருந்தது, காற்றும் சுகமாகத்தான் வந்தது, கண் சொக்கியது, அமுக்கினேன்.

கீழே ஃபேன் காற்றில் தேவி என் தூக்கத்தைத் தூங்கிக்கொண்டிருந்தாள்.