இருபத்திரண்டு வயது ஜூனிப்பரும் எங்கள் வீட்டு ஏசியும்

வைட்ஃபீல்ட்,
ஜூன் 7

மதிப்புக்குரிய சேஷகிரி அத்திம்பேருக்கு, மைத்துனன் பத்ரிநாத் எட்டி நின்று செய்யும் நமஸ்காரம். இங்கே நான், ரூபினி, எங்கள் ஃப்ரிட்ஜ் எல்லாரும் சௌக்கியம். சௌக்கியமில்லாத ஒருவரைப் பற்றித்தான் இந்தக் கடிதம். ஞாயிற்றுக்கிழமை நீங்களும் அக்காவும் அமெரிக்காவிலிருந்து வந்து மல்லேஸ்வரம் வீட்டைத் திறந்ததும் சாப்பாட்டு மேஜையில் இது இருக்கும். உட்கார்ந்துகொண்டு படிக்கவும்.

உங்கள் போன்சாய் ஜூனிப்பர் மரம் போய்விட்டது.

நீங்கள் ஒரு குறையும் வைக்கவில்லை. ஏப்ரல் பன்னிரண்டு விமானம். அந்த அவசரத்திலும் முந்தின நாள் வியர்க்க வியர்க்க உட்கார்ந்து, வேரை நறுக்கி, புது மண் மாற்றி, "இனி ஒரு வருஷத்துக்குக் கவலையில்லடா, தண்ணி மட்டும் பாத்து ஊத்து" என்று என் கையில் கொடுத்தீர்கள். காலை வெயில் மட்டும் படலாம், மத்தியானம் நிழல், வீட்டுக்குள் கூடவே கூடாது என்றீர்கள். ஞாயிறுதோறும் பதினாலு பேருக்குப் போன்சாய் வகுப்பு எடுக்கிறவர், என்னைப் பதினைந்தாவது ஆளாக மதித்துச் சொன்னீர்கள். முப்பது வருஷத்துக்கு முன் உங்கள் ஸ்கூட்டரை ஜெயநகர் மார்க்கெட்டில் மறந்துவிட்டுப் பஸ்ஸில் வீடு திரும்பியவன் நான். அதற்கப்புறம் நீங்கள் என்னிடம் ஒரு குடையைக்கூட நம்பிக் கொடுத்ததில்லை. இருபத்திரண்டு வருஷம் வளர்த்த மரத்தைக் கொடுத்தபோது, சொன்னால் சிரிப்பீர்கள், வீடு வரை மடியிலிருந்து இறக்காமல் கொண்டுவந்தேன்.

அப்புறம் வந்தது பாருங்கள் வெயில். ஃபேன் வேண்டாத ஊர் என்று மெட்ராஸ்காரர்களிடம் பீற்றிக்கொண்ட பெங்களூரில் முப்பத்தெட்டு டிகிரி. போர்வெல் வற்றி டேங்கர் தண்ணீர். செடிக்குக் குழாய்த் தண்ணீர் ஊற்றக் கூடாது என்று அசோசியேஷன் செயலாளர் தேசிகன் லிஃப்டில் நோட்டீஸ் ஒட்டினார். அவர் வீட்டு மல்லி மட்டும் தளதளவென்று நிற்கிறது, எப்படி என்று நான் கேட்கவில்லை, ஊரே கேட்கிறது. நான் குடிக்கிற தண்ணீரில் பாதியை மரத்துக்குக் கொடுத்தேன். மத்தியானம் பால்கனியில் வெயில் ஏறினால், காதில் ஆபீஸ் மீட்டிங், கையில் குடை. கீழேயிருந்து செக்யூரிட்டி "ஏன் சார், கிடக்கெ கொடெ ஹிடீத்தீரா?" என்று கத்துவான். ஆமாம்ப்பா, செடிக்குத்தான் குடை என்று தலையாட்டுவேன்.

இப்படி மூன்று வாரம் ஒழுங்காக இருந்தவனுக்கு மே முதல் வாரத்தில் புத்தி கெட்டது. ஜப்பான்காரன் வளர்க்கிற மரம், குளிர் தேசத்து உடம்பு, பாவம் என்று பெட்ரூமுக்குள் கொண்டுவந்து ஏசியை இருபத்திரண்டில் வைத்துவிட்டேன். ரூபினி வாசலில் நின்று, "இருபத்தாறு வருஷமா ஏசி போடுங்கோன்னு கெஞ்சினா ஜலதோஷம் பிடிக்கும்பேள். இவ வந்ததும் நாள் பூரா ஓடறது!" என்றாள். அவள் மூன்று நாள் ஹாலில் படுத்தாள். மரம் கட்டிலுக்குப் பக்கத்தில்.

மே இருபதாம் தேதி நுனியெல்லாம் வைக்கோல் நிறம். தொட்டால் உதிர்ந்தது. அதற்கப்புறம் தினமும் காலையில் நான் அனுப்பியதெல்லாம் ஏப்ரல் மாதத்துப் போட்டோ, அத்திம்பேர். "பேஷ், நேத்தைவிடப் பச்சை" என்று நீங்கள் பதில் போடுவீர்கள். போன செவ்வாய்க்கிழமை, "பத்ரி, இத்தனை வருஷம் உன்னைத் தப்பா நினைச்சுட்டேன்டா" என்று எழுதினீர்கள். அந்த ஒரு வரியை என்னால் தாங்க முடியவில்லை. மரம் போனது என் முட்டாள்தனம். போட்டோ என் அயோக்கியத்தனம். முதலாவதற்கு மன்னிப்புக் கேட்கலாம், இரண்டாவதற்கு எந்த முகத்தோடு கேட்பது?

அக்காவுக்கு என் அன்பு. ஆசீர்வாதம் கேட்கிற யோக்கியதை இல்லை. திட்டு எவ்வளவு இருந்தாலும் நேரில் வந்து வாங்கிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
மறுபடியும் பஸ்ஸில் வீடு திரும்பிய
பத்ரி

பி.கு.: இது தனித்தாள், உங்களுக்கு மட்டும். கடிதத்தை ஒட்டுவதற்கு முன் ஒரு சபலம். இதே மாதிரி இன்னொன்று கிடைக்குமா என்று மரத்தைத் தூக்கிக்கொண்டு ஹெப்பகோடிப் பக்கம் ஞானசேகரன் என்பவருடைய நர்சரிக்குப் போனேன். அவர் இரண்டு விரலால் பிடித்துத் தூக்கினார். மண்ணிலிருந்து அப்படியே கழன்று வந்தது. "புது வேரு ஒண்ணுகூட ஓடல சார். மண்ணு மாத்துன மறுவாரமே செத்துப்போச்சு. ஊசியிலை மரம் செத்தாலும் ஒரு மாசம் பச்சையாத்தான் நிக்கும். இந்த வெயில்ல போயி வேர வெட்டலாமா? யாரு பண்ண வேலை இது?"

"நான்தான்" என்றேன்.

ஆக, நான் ஏசி போட்டது ஒரு பிணத்துக்கு. 'அவர் கைபட்டால் எதுவும் வாடாது' என்று அக்கா ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறாள். பதினாலு பேர் ஞாயிறுதோறும் உங்களிடம் நோட்டோடு வருகிறார்கள். என் பெயரோ ஸ்கூட்டரிலேயே போய்விட்டது. அதனால் இந்தத் தாளை உங்கள் வேர் வெட்டும் கத்தரிக்கோல் பெட்டிக்குள் வைத்திருக்கிறேன், அக்கா தொடாத இடம். கிழித்துப் போட்டுவிட்டு, மேஜைமேல் இருக்கிற கடிதத்தை அவளுக்கு இன்னொரு தரம் சத்தமாகப் படித்துக் காட்டவும். நடுநடுவே என்னை நன்றாகத் திட்டவும். இல்லாவிட்டால் சந்தேகம் வந்துவிடும்.