நெற்றியில் இட்ட ஆராய்ச்சி மண்

அரைகுறையாகப் படித்தவன் தைரியமாக இருப்பான். நிறையப் படித்தவனுக்குத்தான் நெஞ்சு படபடக்கும். நான் நிறையப் படித்தவன்.

என் மகள் ரஞ்சனி மங்களூரில் ஆராய்ச்சி செய்கிறாள். கழிமுகத்துச் சேற்றில் வாழும் புழுக்களும் மட்டிச் சிப்பிகளும்தான் அவள் உலகம். ஆலைக்கழிவில் வரும் காட்மியம், ஈயம் எல்லாம் அந்தச் சேற்றில் படிந்துவிடுமாம். மீன் நீந்தித் தப்பிக்கும். சேற்றையே தின்று சேற்றிலேயே கிடப்பவை எங்கே போகும்? வெள்ளைக் களிமண்ணில் காட்மியம் கலந்து, புழுக்களை விட்டு, எவை பிழைக்கின்றன என்று பார்ப்பாள். (சாப்பிடும்போது கேட்டால் ரசம் இறங்காது.)

அவள் மைசூருக்கு வந்திருந்த ஒரு துவாதசி, ஞாயிற்றுக்கிழமை. (தேதி நாள்குறிப்பில் இருக்கிறது; மானம் கருதிச் சொல்லவில்லை.) குளித்துவிட்டு வந்தால் திருமண் தீர்ந்திருந்தது. அலமாரியில் ஒரு டப்பா, உள்ளே வெள்ளை வெளேரென்று களிமண். மனைவி வைதேகி மேல்கோட்டையிலிருந்து வரவழைத்திருக்கிறாள் என்று மெச்சிக்கொண்டு, டப்பாவிலேயே நீர்விட்டுக் குழைத்து நாமம் போட்டேன். நடுவில் சிவப்பு ஸ்ரீசூர்ணம். ஒரு கோடு கோணல். ஸ்ரீசூர்ணம் தொட்ட அதே குச்சியை மறுபடி டப்பாவில் தோய்த்துச் சரிசெய்தேன்.

வைதேகி வந்தாள். "ஏன்னா, ரஞ்சனியோட லேப் மண்ணு டப்பாவைப் பாத்தேளா? அலமாரில வெச்சிருந்தாளே."

குழாயடிக்கு ஓடி நெற்றியைத் தேய்த்தேன்.

"எரியறதுடி! காட்மியம்!"

"பாத்திரம் தேய்க்கற நாராலே தேய்ச்சா எரியாதா?"

ரஞ்சனி சல்லடை வாங்க மண்டி மொஹல்லா கடைத்தெருவுக்குப் போயிருந்தாள். அவள் போனை அழைத்தால், மேஜைமேலேயே அடித்தது. சிறுநீரகம், எலும்பு என்று நான் படித்ததெல்லாம் வரிசையாக வந்து நின்றது. படுத்துவிட்டேன்.

"பென்ஷன் பேப்பர் பீரோல இருக்கு."

"சும்மா படுத்துண்டிருங்கோ."

வேடிக்கையாக எழுதுகிறேனே தவிர, அன்று நிஜமாகவே நடுங்கினேன். விஷச் சேற்றுக்குள் புதைய மாட்டாமல் மட்டிகள் மேலேயே கிடக்கும் என்று ரஞ்சனி சொல்லியிருந்தாள். நானும் அப்படித்தான் வாய் திறந்து கிடந்தேன்.

வாசலில் ஸ்கூட்டர் சத்தம். உள்ளே வந்தவள் டப்பாவைப் பார்த்தாள். முகம் வெளுத்துவிட்டது. முடிந்தது கதை என்று நினைத்தேன்.

"எனக்கு இன்னும் எத்தனை நாள்மா?"

"உங்களுக்கு என்ன கேடு? விஷம் கலந்ததை யாராவது ஆத்துக்குக் கொண்டு வருவாளா? இது சுத்தமான மண்ணு. மத்ததையெல்லாம் இதோட ஒப்பிட்டுத்தான்பா பாக்கணும். நாளைக்கு ஆரம்பிக்கணும்!" டப்பாவைச் சாய்த்தாள். "என்ன இது, செவப்பா?"

"ஸ்ரீசூர்ணம்..."

"கடைல வாங்கினதா? சில செவப்புப் பொடில ஈயம் இருக்கும்பா!" தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாள்.

வைதேகி என்னைப் பார்த்தாள். "மண்ணாலே உங்களுக்கு ஒண்ணும் ஆகலே. உங்களாலேதான் மண்ணுக்கு ஆயிடுத்து."

புது மண் வரவழைத்து, சலித்து, ரஞ்சனி மறுபடி ஆரம்பிக்க ஒரு மாதம் தள்ளிப்போனது. இன்றும் அவள் ஆய்வகத்தில், விஷமே கலக்காத தொட்டியில் ஒரு புழு காரணமில்லாமல் செத்தால், தோழிகள் முதலில் கேட்பது இதுதானாம்: "உங்கப்பா வந்திருந்தாரா?"